அத்தை எழுதிய ஒரு வரி ஆங்கிலம்

2025 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. காலை ஷிஃப்ட். எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஞாயிறு காலை என்றால் இரண்டே பேர்தான். நானும், என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அண்ணனும். அன்று முதலில் கையில் கிடைத்தது அமெரிக்கச் செய்தி. முந்தைய நாள் அதிபர் ட்ரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆங்கிலம்தான் இனி அமெரிக்காவின் ஆட்சிமொழி.

“இவ்ளோ நாளா இங்கிலீஷ் அவங்க ஆட்சிமொழி இல்லையாம்மா?” என்று அண்ணன் ஆச்சர்யப்பட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். தேடிப் பார்த்தால், நிஜமாகவே இல்லை. 1776-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த நாடு, ஏறக்குறைய 250 வருடங்களாக தேசிய அளவில் ஆட்சிமொழி என்று எதையும் எழுதி வைக்காமலேயே காலத்தை ஓட்டியிருக்கிறது. 30-க்கும் மேற்பட்ட மாகாணங்கள் தனித்தனியாக ஆங்கிலத்தை அறிவித்திருந்தாலும், ஒட்டுமொத்த நாட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது.

பதினைந்து நிமிடத்தில் செய்தியைத் தட்டி ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். “பொழைக்கப் போன நாட்டுல அந்த மொழியக் கத்துக்க வேண்டியதுதானே? இதுல என்ன தப்பு?” என்றார் அண்ணன். “கரெக்ட்டுதான். சென்னைக்கு வர்றவங்க தமிழ் கத்துக்கணும்னு நாமளும்தானே சொல்றோம்” என்றேன். டீயோடு விவாதமும் முடிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தால், வாட்ஸ்அப்பில் அத்தையின் வாய்ஸ் மெசேஜ். நியூஜெர்ஸியிலிருந்து. அங்கே அப்போது நள்ளிரவு.

“ஏட்டி, நீங்க போட்ட நியூஸ படிச்சேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இனிமே அந்தப் புள்ள போன்ல வருமா, வராதா?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

யார் அந்தப் புள்ள?

அத்தை என் அப்பாவின் அக்கா. ஊர், அம்பாசமுத்திரம் பக்கம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மாமா இறந்த மறுவருடம், 2017-ல், மகன் வந்து கையோடு அழைத்துப் போனார். அப்போது பேத்திக்கு ஒரு வயது. மகன் அமெரிக்கக் குடிமகன் என்பதால், அடுத்த வருடமே அத்தைக்கு க்ரீன் கார்டு கிடைத்துவிட்டது.

அவர்கள் இருப்பது எடிசன் என்ற ஊரில். இந்தியர்கள் நிறைந்த இடம். ஓக் ட்ரீ ரோடு என்ற கடைவீதியில் நடந்தால் அது அமெரிக்காவா, நம்மூரா என்றே சந்தேகம் வரும் என்பார்கள். ஆனால், அத்தைக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை. அங்கே கடைக்காரர்கள் பேசுவது பெரும்பாலும் குஜராத்தியும் இந்தியும். “இங்கிலீஷ்காரங்ககிட்ட ஒரு மாதிரி முழிப்பேன். நம்மாளுங்ககிட்ட இன்னொரு மாதிரி முழிப்பேன்” என்று சிரிப்பார்.

2022 குளிர்காலத்தில் ஓர் இரவு. மகன் வேலை விஷயமாக கலிஃபோர்னியாவில் இருந்தார். பேத்திக்குக் காய்ச்சல். அத்தைக்குத் திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு மாதிரி செய்து வேர்த்துவிட்டது. மருமகள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். காய்ச்சல் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாததால், அத்தை மட்டும் தனியாக ஏற்றப்பட்டார்.

மருத்துவமனையில் ஆளாளுக்கு ஏதோ கேட்டார்கள். அத்தை நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். “செத்துருவேன்னுகூட பயமில்ல. என்ன ஏதுன்னு சொல்லாமலே செத்துருவேனோன்னுதான் பயம்” என்று பிறகு சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் போனை நீட்டினார். அதிலிருந்து, “வணக்கம்மா. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசுறேன். உங்களுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க” என்று ஒரு பெண் குரல்.

அத்தை முதலில் ஓவென்று அழுதிருக்கிறார். அப்புறம் சொன்னார், “நெஞ்சு வலிக்கலம்மா. கரிக்கு.” கூடவே இன்னொன்றையும் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுபோன பிரஷர் மாத்திரை தீர்ந்து நான்கு நாட்களாகியிருந்தன. அங்கே டாக்டரிடம் போனால் செலவு என்று மகனிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார். மகன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்குமா? “சத்தியமா சொல்லியிருக்க மாட்டேன்” என்கிறார் அத்தை.

அந்தக் குரல்தான் ‘அந்தப் புள்ள’. முகம் தெரியாது, பெயர் தெரியாது. எந்த மாகாணத்திலிருந்து பேசினார் என்பதும் தெரியாது.

உத்தரவில் என்ன இருந்தது?

அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால், நானே பதினைந்து நிமிடத்தில் எழுதிய செய்தியை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

2000 ஆகஸ்ட்டில் அதிபர் கிளின்டன் ஓர் உத்தரவு போட்டிருந்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கும் அரசின் சேவை போய்ச் சேர வேண்டும், அதற்கு அரசுத் துறைகளும் அரசுப் பணம் பெறும் அமைப்புகளும் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ட்ரம்ப்பின் உத்தரவு அதை ரத்து செய்தது. அதே நேரம், பிற மொழிகளில் சேவை தருவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. தருவதா, நிறுத்துவதா என்பதை அந்தந்தத் துறையின் தலைவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஓர் அதிபரின் உத்தரவால் சட்டத்தை ரத்து செய்துவிட முடியாது. பிறந்த நாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது 1964-ன் சிவில் உரிமைச் சட்டம். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் 1974-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனக் குழந்தைகளை, எந்த உதவியும் செய்யாமல் ஆங்கில வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வகுப்பு கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். மருத்துவத்துக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவசர நிலை தவிர, சிறு குழந்தைகளை மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்று அதன்கீழ் விதியே உண்டு.

“இப்போதைக்கு அந்தப் புள்ள வரும் அத்தை” என்று பதில் அனுப்பினேன்.

“இப்போதைக்குன்னா?” என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போனில் பேசினால்கூடக் குற்றம்!

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததில்லை.

1751-லேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். இவர்கள் நம் மொழிக்கு மாற மாட்டார்கள், நம்மைத்தான் அவர்களைப் போல மாற்றிவிடுவார்கள் என்பது அவர் கவலை. வேடிக்கை என்னவென்றால், அதே ஃபிராங்க்ளின்தான் 1732-ல் அந்த ஜெர்மானியர்களுக்காக ஜெர்மன் மொழியில் பத்திரிகை நடத்திப் பார்த்தவர். அது ஓடவில்லை!

1780-ல் ஜான் ஆடம்ஸ், ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த அரசே ஒரு கழகம் அமைக்க வேண்டும் என்றார். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் என்ற சொல்லே ஆகாது என்றானது. 1918 மே மாதம் ஐயோவா மாகாண ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், ஏன், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. தேவாலயத்திலும் அப்படியே. ஆங்கிலம் புரியாதவர்கள் வீட்டில் இருந்தபடி கும்பிட்டுக்கொள்ளலாம்!

பக்கத்து மாகாணமான நெப்ராஸ்காவில், 1920-ல் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் பைபிள் கதையை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு 25 டாலர் அபராதம். அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923-ல் அவர் பக்கம் தீர்ப்பானது.

அமெரிக்காவின் பூர்வகுடிகள் பட்டதோ இதைவிட மோசம். அவர்கள் யாரும் எங்கிருந்தும் குடியேறி வந்தவர்கள் அல்ல. இருந்தும், அவர்களுடைய பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். செரோக்கி மக்கள் தங்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கி, 1828-லேயே பத்திரிகை நடத்தியவர்கள். ஹவாயில் 1896-ல் பள்ளி மொழியாக ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார்கள். ஹவாய் மொழி மீண்டும் அந்த மாகாணத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பிலும் எளிதில் ஒதுக்கிவிட முடியாத ஆட்கள் உண்டு. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1981-ல் செனட் சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஹயகாவா. ஜப்பானியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். மொழியியல் பேராசிரியரும்கூட. ஜப்பானிய வம்சாவளியில் குடியேறியவர்களுக்கு 1952 வரை அமெரிக்கக் குடியுரிமையே கொடுக்கப்படவில்லை. அந்தத் தடை நீங்கிய பிறகே அவரும் குடிமகன் ஆனார். பல நாட்டு மக்கள் வாழும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும், அதுதான் நாட்டை இணைக்கும் என்று அவர் உளமார நம்பினார். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுமொழி இல்லாமல் அத்தை பட்ட பாட்டைக் கேட்டவள் நான்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று யார் சொன்னது?

வகுப்பில் இடமில்லை

அமெரிக்காவில் குடியுரிமை பெற ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி 1906-லிருந்தே இருக்கிறது. 1950-ல் எழுதப் படிக்கவும் தெரிய வேண்டும் என்றார்கள். வயதானவர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. 50 வயதைத் தாண்டி, க்ரீன் கார்டு வாங்கி 20 வருடங்கள் அங்கே வாழ்ந்திருந்தால் ஆங்கிலத் தேர்வு கிடையாது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு 15 வருடங்கள் போதும்.

அத்தைக்கு 63 வயது. ஆனால், க்ரீன் கார்டு வாங்கி ஏழு வருடங்கள்தான். சலுகை இல்லை. தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

‘இந்த வயதில் அவருக்கு எதற்குக் குடியுரிமை?’ என்று நானும் கேட்டேன். பதில் வித்தியாசமானது. க்ரீன் கார்டு வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினாலே கேள்வி வரும். ஒரு வருடத்தைத் தாண்டினால் கார்டையே இழக்கும் அபாயம் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, கூடவே இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ அட்டையையும் வாங்கிவிட்டால், எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஊரில் இருக்கலாம். “வீடு பூட்டிக் கெடக்குல்லா. நான் அமெரிக்காக்காரி ஆனாத்தான் அம்பாசமுத்திரத்துல நிம்மதியா இருக்க முடியுமாம். கூத்தப் பாத்தியா!”

அதற்காக அவர் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார். பக்கத்து நூலகத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச வகுப்பு. பெயர் கொடுத்துவிட்டு நான்கு மாதங்கள் காத்திருந்தார். அவ்வளவு கூட்டம். இடம் கிடைத்து உள்ளே போனால், கூடப் படிப்பவர்கள் ஒரு சீனப் பாட்டி, எகிப்திலிருந்து வந்த ஒரு தம்பதி, டொமினிகன் குடியரசைச் சேர்ந்த ஒருவர். அவர் ஹோட்டலில் பாத்திரம் தேய்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவாராம். பாதி வகுப்பில் தூங்கி விழுவார். ஆனால், ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

குடியேறிகள் ஆங்கிலம் கற்க மறுக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம், அந்தத் தூங்கி விழும் மனிதர்தான் இப்போது எனக்கு நினைவுக்கு வருகிறார். அவருக்குத் தேவை இன்னும் இரண்டு வகுப்பறைகளும், வேலை முடியும் நேரத்தில் ஓர் ஆசிரியரும். ஆட்சிமொழி உத்தரவு அதில் எதையும் கொண்டுவரவில்லை.

மூன்றாம் தலைமுறை

அமெரிக்காவில் ஐந்தில் ஒருவர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார். கேட்டால் ஆங்கிலத்துக்கு ஆபத்து போலத் தோன்றும். ஆனால், அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு ஆங்கிலம் மிக நன்றாக வரும் என்று அரசின் கணக்கெடுப்பில் சொல்கிறார்கள்.

குடியேறிகளின் மொழியை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் ஒன்று. முதல் தலைமுறை தாய்மொழியில் வாழ்ந்து ஆங்கிலத்தில் தடுமாறும். இரண்டாம் தலைமுறைக்கு இரண்டும் வரும். மூன்றாம் தலைமுறைக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே மிஞ்சும். ஸ்பானிஷ் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆனால், அதன் கதையும் கடைசியில் இதுதான்.

உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிபரின் குடும்பமே இதற்கு உதாரணம். ட்ரம்ப்பின் தாத்தா ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். அம்மா ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். அவருக்குத் தாய்மொழி கேலிக். ஆங்கிலம் பள்ளியில் கற்ற இரண்டாவது மொழி. பேரன் காலத்தில் அந்தக் குடும்பத்தில் ஜெர்மனும் இல்லை, கேலிக்கும் இல்லை. அப்போது எந்த உத்தரவும் தேவைப்படவில்லை.

அத்தை வீட்டில் இது இன்னும் வேகமாக நடந்திருக்கிறது. பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. அத்தை தமிழில் கேட்டால் புரிகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். மூன்று வயது வரை ஆச்சியோடு நெல்லைத் தமிழில் வாயாடியவள், பள்ளிக்குப் போன ஆறு மாதத்தில் மாறிவிட்டாள். யாரும் அவளை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. விளையாடக் கூடவரும் குழந்தைகள் பேசும் மொழி அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

“நான் இங்கிலீஷ் படிக்கது பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இல்லட்டி. அவ என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரியணும்லா” என்று ஒருமுறை சொன்னார் அத்தை. அன்று நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

துப்பாக்கி ஏந்துவீர்களா?

2025 மே மாதம், நுவார்க்கில் நேர்காணல். குடிமையியல் பாடத்தில் 100 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து பத்து வரை கேட்பார்கள். ஆறுக்குச் சரியாகச் சொன்னால் பாஸ். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது இன்னும் கடினமாகிவிட்டது. 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும்.) அத்தை 200 பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். அமெரிக்கப் பூர்வகுடி இனம் ஒன்றைச் சொல்லுங்கள் என்பது அதில் ஒரு கேள்வி. ‘செரோக்கி’ என்று பெரிதாக எழுதிக் கட்டம் போட்டு வைத்திருந்தார்.

அவரைத் திணறடித்தது விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் கேள்விகள்தான். சட்டம் கேட்டுக்கொண்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்தத் தயாரா என்று ஒரு கேள்வி உண்டு. மகன் அர்த்தம் சொன்னதும், “அரிவாள்மனை பிடிச்ச கைதான. சரின்னு சொல்லிருதேன்” என்றாராம்.

கேள்விகளில் ஆறு சரியாகச் சொல்லித் தப்பித்தார். ஒரு வாக்கியத்தை வாசித்தும் காட்டிவிட்டார். அடுத்தது எழுத்து. அதிகாரி சொல்லும் வாக்கியத்தை எழுத வேண்டும். மூன்று வாய்ப்புகளில் ஒன்று சரியானால் போதும். முதல் வாக்கியம் லிங்கனைப் பற்றியது. அதிகாரியின் உச்சரிப்பில் ‘லிங்கன்’ என்ற பெயரே அத்தைக்குப் பிடிபடவில்லை. போச்சு. இரண்டாவது வாக்கியம், அமெரிக்கக் கொடியின் நிறங்களைச் சொல்வது. சிவப்பு, வெள்ளை, நீலம். பேத்தியின் கலர் பென்சில் டப்பாவில் தினமும் பார்க்கும் வார்த்தைகள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அதிகாரி பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

ஜூன் மாதம் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதால், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அன்று இரவு என்னை வீடியோ காலில் அழைத்தார். வழக்கமாக நிறுத்தாமல் பேசுபவர், அன்று அதிகம் பேசவில்லை. “சரி, வைக்கேன்” என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டார்.

அந்த இடைப்பட்ட காலம்

அத்தை பாஸான பிறகும் செய்திகள் நிற்கவில்லை. ஜூலையில் அமெரிக்க நீதித் துறை, அவசியமில்லாத பிற மொழிச் சேவைகளைக் குறைக்கும்படி மற்ற துறைகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. லாரி ஓட்டுநர்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்ற பழைய விதியைத் தூசு தட்டி எடுத்தார்கள். சாலையில் சோதனையிட்டு, ஆங்கிலம் போதாதவர்களை ஜூன் மாதக் கடைசியிலிருந்து அங்கேயே வண்டியிலிருந்து இறக்கத் தொடங்கினார்கள். சாலைப் பலகையைப் படிக்கத் தெரியாமல் பெரிய லாரி ஓட்டலாமா என்று கேட்டால், ஓட்டக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால், சாலைப் பலகையும் மருத்துவமனைப் படுக்கையும் ஒன்றல்ல. முன்னதற்கு நாள் குறித்துத் தயாராகலாம். நெஞ்சு கரிக்கும் நாளை யார் குறித்து வைக்க முடியும்?

ஒரு மொழியைக் கற்க வருடங்கள் ஆகும். அத்தைக்கு ஒரு வரி எழுத எட்டு வருடங்கள் ஆயின. நோய், கோர்ட்டு நோட்டீஸ், புயல் எச்சரிக்கை எல்லாம் அந்த எட்டு வருடங்களுக்காகக் காத்திருக்காது. பொதுமொழி வேண்டும் என்று சொல்கிறவர்களும் சரிதான். ஆனால், அந்த மொழி வந்து சேரும் வரைக்கும் நடுவில் ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலைக் கொடுப்பதால் யாரும் ஆங்கிலம் கற்பதை நிறுத்திவிடவில்லை. அந்தக் குரலைக் கேட்ட இரண்டு வருடங்களில்தான் அத்தையே நூலகத்துக்குப் போனார்.

மழைக்காலத்தில் ஓர் இரவு, எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு வடமாநிலப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டட வேலைக்கு வந்தவன் போல. கடைக்காரர் தமிழில் சத்தமாகக் கேட்க, அவன் வேறு ஏதோ சொல்ல, இருவருக்கும் புரியவில்லை. மார்ச் மாதத்து நானாக இருந்திருந்தால், ‘இங்கே வந்தா தமிழ் கத்துக்க வேண்டியதுதானே’ என்று நினைத்தபடி என் மாத்திரையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பேன். இப்போதும் அவன் தமிழ் கற்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கற்றுக்கொள்வான். ஆனால், வயிறு வலிப்பது அன்றைக்கு. போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து அவனிடம் நீட்டினேன்.

அத்தை பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டார். எட்டு மாதம் இருக்கப்போகிறாராம். வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்க நானும் போயிருந்தேன். பெட்டியைப் பிரித்தபோது, அந்த 200 பக்க நோட்டும் வந்தது. முன்பக்கமெல்லாம் தமிழ் எழுத்தில் ஆங்கில வார்த்தைகள். திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்திலிருந்து வேறொரு கையெழுத்து. கோணல்மாணலாக அ, ஆ, இ, ஈ.

பேத்தியின் கையெழுத்து. அவளுக்கும் அத்தைக்கும் ஓர் ஒப்பந்தமாம். அவள் ஆச்சிக்குப் பத்து ஆங்கில வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தால், பதிலுக்கு ஆச்சியிடம் ஒரு தமிழ் எழுத்து கற்றுக்கொள்ள வேண்டும். உயிரெழுத்து பன்னிரண்டும் முடிந்து, ‘ங’வோடு நின்றிருந்தது.

“அதுல சுழிக்க வரமாட்டேங்கு அவளுக்கு” என்றபடி நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தார் அத்தை. “லீவுக்கு வருவா. மிச்சத்த இங்கன வச்சு முடிச்சிருவோம்.”